மேடை 28 வயசுல முடிஞ்சது... வாழ்க்கை முடியலை! செல்லோ மேதை ஜாக்குலின் டு ப்ரேயின் கதை

1973 பிப்ரவரி, நியூயார்க். இசைக்குழுவை நடத்துபவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். மேடையில் வயலினோடு பின்காஸ் ஸுகர்மேன். அவர் பக்கத்தில் செல்லோவோடு 28 வயது ஜாக்குலின் டு ப்ரே. மொத்தம் நான்கு கச்சேரிகள். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தப் பெண்ணோட விரல்கள் மரத்துப்போயிருக்கு. தந்தியில் விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்கிறார். கையில் பிடித்திருக்கும் வில்லின் கனம் பிடிபடவில்லை. செல்லோ பெட்டியைத் திறப்பதே பெரிய வேலையாகியிருக்கிறது.

மூன்று கச்சேரிகளை எப்படியோ முடித்துவிட்டார். நான்காவதில் அவர் இல்லை. அவருக்குப் பதிலாக ஐசக் ஸ்டெர்ன் வந்து வயலின் வாசித்தார். அதற்குப் பிறகு ஜாக்குலின் எந்தப் பொதுமேடையிலும் செல்லோ வாசிக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமா எம்.எஸ்.

ஜாக்குலின் கதையைச் சொல்ற பெரும்பாலானவங்க இங்கேயே கிட்டத்தட்ட முற்றுப்புள்ளி வெச்சிடுவாங்க. மேதை, நோய், சோகம், முடிஞ்சது. ஆனா, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. அவருடைய முதல் பெரிய கச்சேரி 1961-ல். கடைசிக் கச்சேரி 1973-ல். நடுவில் 12 வருஷம். அவர் இறந்தது 1987-ல். அதாவது, மேடை முடிந்த பிறகும் 14 வருஷத்துக்கு மேல் அவர் வாழ்ந்திருக்கிறார். வாசித்த காலத்தைவிட வாசிக்க முடியாத காலம்தான் அதிகம்!

ஒருத்தரோட மைல்கற்களை எண்ணும்போது ஏறுமுகத்துல இருக்கிறதை மட்டும் எண்ணிட்டு, மீதியை விட்டுடலாமா? வாங்க, ஜாக்குலினோட வாழ்க்கையை முழுசா எண்ணிப் பார்ப்போம்.

4 வயசு: ரேடியோவில் கேட்ட சத்தம்

1945 ஜனவரி 26-ம் தேதி, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார் ஜாக்குலின். அம்மா ஐரிஸ் பியானோ கலைஞர், இசையும் அமைப்பார். அக்கா ஹிலரி, தம்பி பியர்ஸ். நான்கு வயதில் வீட்டு ரேடியோவில் செல்லோவின் ஓசையைக் கேட்டார். எனக்கும் அதே வேணும்னு அம்மாகிட்ட அடம்பிடிச்சார்.

செல்லோ தெரியும்தானே? வயலினோட பெரியக்கா மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார்கள். நம்ம சினிமாப் பாட்டுகளில் வயலின்களுக்கு அடியில், மனுஷக் குரல் மாதிரியே கனமா ஒரு தந்தி ஓசை கேட்குமே, அதுதான்.

அம்மா செல்லோ வாங்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. மகளுக்காகச் சின்னச் சின்னப் பாடல்களை அவரே எழுதி, ஓரத்தில் படம் வரைந்து, ராத்திரி மகள் தூங்கிய பிறகு படுக்கையில் வைத்துவிடுவார். காலையில் எழுந்ததும் ஜாக்குலின் நேரா செல்லோவை நோக்கி ஓடுவார். ஐந்து வயதில் லண்டன் செல்லோ பள்ளி. 10 வயதில் வில்லியம் ப்ளீத் என்ற ஆசிரியர். செல்லோவில் தன் அப்பா என்றே பின்னாளில் அவரைக் கொண்டாடினார் ஜாக்குலின்.

11 வயசு: நாலு மணி நேரப் பயிற்சி

1956-ல் குயில்ஹெர்மினா சுஜியா விருது கிடைத்தது. போர்ச்சுகலின் புகழ்பெற்ற பெண் செல்லோ கலைஞர் ஒருவரின் பெயரில் தரப்படும் உதவித்தொகை அது. பணத்தோட ஒரு கண்டிஷனும் வந்துச்சு. தினமும் நாலு மணி நேரம் பயிற்சி செய்யணும். 11 வயசுப் பிள்ளைக்கு!

ஸ்கூலுக்கான நேரம் குறைந்தது. சக வயசுப் பிள்ளைகளோடு பழகும் நேரமும் குறைந்தது. அந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருவர் ஜான் பார்பிரோலி. இந்தப் பேரை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல திரும்ப வருவார்.

16 வயசு: முதல் மேடை

1961 மார்ச் 1. லண்டனின் விக்மோர் ஹால். ஜாக்குலினின் முதல் பெரிய கச்சேரி. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே செல்லோவின் தந்தி ஒன்று மக்கர் பண்ணியது. வேற யாரா இருந்தாலும் கை நடுங்கியிருக்கும். ஜாக்குலின் நிறுத்தினார், தந்தியைச் சரிசெய்தார், மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். மறுநாள் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின.

அடுத்த வருஷமே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், எட்வர்ட் எல்கார் எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை வாசித்தார். ஒரே ஒரு செல்லோவும் ஒரு பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும், சுமார் அரை மணி நேர இசை அது. அதற்கும் ஒரு சோகக் கதை உண்டு. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, தன் அறுபதுகளில் எல்கார் எழுதியது. 1919 அக்டோபரில் அரங்கேறியபோது ஒத்திகைக்குப் போதுமான நேரம் கிடைக்காததால் சொதப்பிவிட்டது. அன்று இசைக்குழுவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்த 19 வயசு இளைஞர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஜான் பார்பிரோலி!

20 வயசு: இன்னிக்கும் ஒலிக்கும் அந்த ரெக்கார்டு

1965 ஆகஸ்ட். லண்டன் கிங்ஸ்வே ஹாலில் ரெக்கார்டிங். வாசிப்பவர் 20 வயது ஜாக்குலின். லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவை நடத்துபவர், 11 வயதுச் சிறுமியாக அவரை மேடையில் பார்த்த பார்பிரோலி. 46 வருஷத்துக்கு முன்னாடி சொதப்பிய இசை, அன்றைக்குப் பழி தீர்த்துக்கொண்டது. எல்கார் கான்செர்ட்டோ என்றாலே இன்றுவரை உலகம் முதலில் தேடுவது இந்த ரெக்கார்டைத்தான். உங்க போன்ல இருக்கிற மியூசிக் ஆப்ல தேடிப் பாருங்க, முதல் வரிசையிலேயே வந்து நிற்கும்.

அந்த வருஷமே நியூயார்க்கின் கார்னகி ஹால். அடுத்த வருஷம் மாஸ்கோ போய் ரோஸ்ட்ரோபோவிச்சிடம் சில மாதப் பாடம். கையில் 1712-ல் ஸ்ட்ராடிவாரி செய்த, ‘டேவிடோவ்’ என்று பெயர் பெற்ற செல்லோ. அவருடைய ஞானத்தாய் வாங்கித் தந்தது அது. 21 வயசுல ஒருத்தருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

22 வயசு: கல்யாணமும் ஒரு பம்பாய்க்காரரும்

1966 கடைசியில் லண்டனில் ஒரு நண்பர் வீட்டில் டேனியல் பேரன்பாய்மைச் சந்தித்தார். பியானோ மேதை. அறிமுகப் பேச்சுக்கு முன்னாடியே இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆறே மாதத்தில், 1967 ஜூன் 15 அன்று, ஜெருசலேமில் கல்யாணம். ஆறு நாள் போர் முடிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. ஜாக்குலின் யூத மதத்துக்கு மாறியிருந்தார்.

இதில் நம்ம நாட்டுக்காரர் ஒருத்தரும் இருக்கார். பம்பாயில் பிறந்த பார்சியான ஸுபின் மேத்தா. யூதச் சடங்கில் யூதர்கள்தான் இருக்க முடியும் என்பதால், பாரசீகத்திலிருந்து வந்த யூதர் மோஷே கோஹன் என்று பெயரை மாற்றிச் சொல்லி, நண்பரின் கல்யாணத்தில் நின்றார் மேத்தா. ஃபிரெண்டுன்னா இப்படி இருக்கணும்!

1969 ஆகஸ்ட்டில் இந்த நட்புப் பட்டாளம் லண்டனில் ஷூபர்ட்டின் ‘ட்ரவுட்’ குயின்டெட்டை வாசித்தது. பேரன்பாய்ம் பியானோ, இட்சாக் பெர்ல்மேன் வயலின், ஸுகர்மேன் வியோலா, ஜாக்குலின் செல்லோ. மேத்தா கையில் டபுள் பாஸ். கிறிஸ்டோஃபர் நூபென் அதைப் படமாக்கினார். மேடைக்குப் பின்னால் கருவிகளை மாற்றி எடுத்துக்கொண்டு காலேஜ் பசங்க மாதிரி கலாய்த்துக்கொள்வார்கள். நான்கு வயதில் போலியோ தாக்கியதால் உட்கார்ந்துதான் வயலின் வாசிப்பார் பெர்ல்மேன். அன்று அந்த அறையில் ஓடியாடிச் சிரித்துக்கொண்டிருந்த 24 வயது ஜாக்குலினும், இன்னும் சில வருஷத்தில் நடக்க முடியாமல் போவார் என்று யாருக்குத் தெரியும்?

26 வயசு: கை பேச்சைக் கேட்கலை

1971-ல் ஆரம்பித்தது. விரல் மரத்துப்போகும். கையில் இருக்கிற பொருள் நழுவும். காரணமே இல்லாமல் அசதி. சில நாள் எல்லாம் சரியாகிவிடும், திரும்பவும் வரும். டாக்டர்களிடம் போனால் மன அழுத்தம், நரம்புத் தளர்ச்சி, ஓய்வெடுங்க என்ற மாதிரியான பதில்கள். கச்சேரிகளை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்.

அந்த வருஷ டிசம்பரில் திடீரென்று விரல்கள் பழையபடி வேலை செய்தன. உடனே ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள் கணவனும் மனைவியும். இரண்டே நாளில் ஷோபான், ஃப்ராங்க் இருவரின் சொனாட்டாக்களையும் பதிவு செய்தார்கள். அதுதான் ஜாக்குலினின் கடைசி ஸ்டூடியோ செல்லோ ரெக்கார்டிங்.

ஏன் இப்படி வந்து வந்து போச்சு? உங்க சார்ஜர் வயரை நினைச்சுப் பாருங்க. கழுத்துப் பக்கம் மேல் உறை பிய்ஞ்சு போயிருக்கும். ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சா சார்ஜ் ஏறும், கொஞ்சம் அசைஞ்சா நின்னுடும். எம்.எஸ்-ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்பு இழைகளின் மேல் ‘மயலின்’ என்ற உறை இருக்கிறது. உடம்பைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் அந்த உறையைத் தாக்குகிறது. மூளை அனுப்பும் கட்டளை வழியில் தடுமாறுகிறது, சில நேரம் போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. பலருக்கு ஆரம்ப வருஷங்களில் பாதிப்பு வரும், தணியும், திரும்பவும் வரும். அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நேத்து நல்லாத்தானே இருந்தா என்று சந்தேகம் வருகிறது.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இந்த நோய் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 1868-லேயே பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதைத் தெளிவாக விவரித்துவிட்டார். ஆனால், 1971-ல் மூளையை உள்ளே பார்க்க எம்.ஆர்.ஐ ஸ்கேன் கிடையாது. அதனால் நோயாளியின் வார்த்தையை நம்புவதா, வேண்டாமா என்பதிலேயே நிறைய நாள் ஓடியது.

நினைச்சுப் பாருங்க. உலகமே கொண்டாடுற கை அது. அந்தக் கைக்கு ஏதோ ஆகுதுன்னு அந்தக் கைக்குச் சொந்தக்காரியே சொல்றாங்க. அதுக்கு, எல்லாம் உன் மனசுலதான் இருக்குன்னு ஒரு பதில். அப்ப தப்பு யார்மேல போய் விழும்? அவங்கமேலயே! பயிற்சி போதலையோ, மனசுல தைரியம் இல்லையோ, நமக்குப் பைத்தியம் பிடிக்குதோ... இப்படி இரண்டு வருஷம்.

28 வயசு: நோய்க்கு ஒரு பெயர்

1973-ல் மறுபடி மேடை ஏறினார். பிப்ரவரியில் லண்டனில், ஸுபின் மேத்தா இசைக்குழுவை நடத்த, எல்கார் கான்செர்ட்டோ. லண்டனில் அவர் வாசித்த கடைசி எல்கார் அதுதான். வாசிப்பு பழையபடி இல்லை என்பதைச் சில விமர்சகர்கள் கவனித்தார்கள். பிறகு நியூயார்க். அங்கே நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

அக்டோபரில் வந்த எம்.எஸ் என்ற தீர்ப்பு அவர் மேடை வாழ்க்கையை மூடிவிட்டது, உண்மைதான். ஆனால், அதையும் ஒரு மைல்கல்லாகத்தான் எண்ணணும்னு தோணுது. ஏன்னா, அன்னிக்குத்தான் இரண்டு வருஷமா அவர் சொன்னது அத்தனையும் நிஜம்னு உறுதியாச்சு. அவர் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை, கற்பனை பண்ணவும் இல்லை. நரம்பு கெட்டிருக்கு, அவ்வளவுதான். நோய் குணமாகாது என்பது ஒரு பெரிய பாரம். குற்றம் தன்மேல் இல்லை என்பது இன்னொரு பெரிய பாரம் இறங்குவது. இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

நீண்ட நாள் நோயோட வாழ்றவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, அவங்களைக் கேட்டுப் பாருங்க. நோயைவிட, அதை யாருமே நம்பாத காலம்தான் கொடுமைன்னு பல பேர் சொல்வாங்க.

28-லிருந்து 42: யாரும் எண்ணாத மைல்கற்கள்

இனி வரும் வருஷங்களில் கைத்தட்டல் இல்லை. நோய் ஏறிக்கொண்டே போனது. நடை போய் சக்கர நாற்காலி வந்தது. கை நடுக்கம், பார்வைக் கோளாறு, பேச்சில் தடுமாற்றம் எனப் போகப்போக எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஆனாலும் செய்ய முடிந்ததைச் செய்தார். மாணவர்களுக்குச் செல்லோ சொல்லிக்கொடுத்தார், மாஸ்டர் கிளாஸ் எடுத்தார். வில்லை எடுத்து இப்படி வாசி என்று காட்ட முடியாது. ஐந்து வயதிலிருந்து கை தானாகச் செய்த ஒன்றை, இப்போது வாயால் விளக்க வேண்டும். ஆசிரியர் வேலை செய்றவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம்னு.

குழந்தைகளுக்காக ப்ரோகோஃபியேவ் எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ இசைக்கதையில், கதைசொல்லியாகக் குரல் கொடுத்தார். பேரன்பாய்ம் நடத்திய இசைக்குழுவோடு அது ரெக்கார்டாகவும் வந்தது. விரல் போனா என்ன, குரல் இருக்கே! 1976-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ கௌரவம். எம்.எஸ் ஆராய்ச்சிக்கு அவர் பெயரில் நிதி திரட்டப்பட்டது. சக்கர நாற்காலியோடு வெளியே வந்தார், கேமரா முன்னால் உட்கார்ந்தார். எம்.எஸ் என்ற பெயரையே கேள்விப்படாத ஆயிரமாயிரம் வீடுகளுக்கு அது அவர் மூலமாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த டேவிடோவ் செல்லோ பின்னாளில் யோ-யோ மா கைக்குப் போனது. இப்போதைய உலகின் மிகப் பிரபலமான செல்லோ கலைஞர் அவர். கருவி வேற கைக்குப் போச்சு, இசை நிற்கலை.

தன் பழைய ரெக்கார்டுகளை வீட்டில் போட்டுக் கேட்பது ஜாக்குலினின் வழக்கமாக இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கும் போட்டுக் காட்டுவார். பழைய போட்டோவைப் பார்த்து ஏங்குற மாதிரின்னு நினைச்சுடாதீங்க. மைல்கற்களைத் திரும்பிப் பார்க்கிறதுக்கு அவருக்கு இருந்த வழி அது. 20 வயசுல தான் செஞ்சது பொய்யில்லைன்னு காதால கேட்டு உறுதி பண்ணிக்கலாம் இல்லையா?

எல்லாமே அழகா இருக்கலை

இந்த 14 வருஷத்தை இனிப்பு தடவிச் சொன்னா அது ஜாக்குலினுக்குச் செய்ற துரோகம். 1975-லிருந்து பேரன்பாய்முக்குப் பாரிஸ் இசைக்குழுவில் பொறுப்பு. லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவில் பறந்துகொண்டே இருந்தார். எண்பதுகளில் பாரிஸில் பியானோ கலைஞர் எலீனா பாஷ்கிரோவாவோடு அவருக்கு இன்னொரு குடும்பம் உருவானது, இரண்டு மகன்கள் பிறந்தார்கள். ஜாக்குலினுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள முயன்றார். அதே நேரம், ஜாக்குலினைப் பார்க்க லண்டன் வருவதையும் விடவில்லை. நீங்க அவரைத் திட்டலாம், புரிஞ்சுக்கவும் செய்யலாம். நீண்ட நோய் ஒரு வீட்டுக்குள்ள வந்தா, அது ஒரு ஆளை மட்டும் தொட்டுட்டுப் போறதில்லைங்கிறது மட்டும் நிச்சயம்.

1987 அக்டோபர் 19 அன்று, லண்டனில், 42 வயதில் ஜாக்குலின் இறந்தார். பேரன்பாய்ம் பக்கத்தில் இருந்தார்.

பத்து வருஷம் கழித்து அக்காவும் தம்பியும் சேர்ந்து அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். 1998-ல் அது ‘ஹிலரி அண்டு ஜாக்கி’ என்று படமானது. நடித்த எமிலி வாட்சன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஜாக்குலினோடு வாசித்த இசைக் கலைஞர்கள் பலர், எங்களுக்குத் தெரிந்த ஜாக்கி இவர் இல்லை என்று படத்தை எதிர்த்தார்கள். 2020-ல் லண்டன் ராயல் பாலே அவர் வாழ்க்கையை மேடையேற்றியது. அவர் பிறந்த ஆக்ஸ்ஃபோர்டில், செயின்ட் ஹில்டாஸ் கல்லூரியின் இசைக் கட்டடத்துக்கு அவர் பெயர்.

உங்களுக்காகச் சில விஷயங்கள்

எம்.எஸ் நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993-ல். ஜாக்குலின் இறந்து ஆறு வருஷம் கழித்து! இன்றைக்கு எம்.ஆர்.ஐ இருக்கிறது. பாதிப்பு திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துவிட்டன. முழுசா குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால், சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சையைத் தொடங்கினால், வேலை, கல்யாணம், குழந்தை என்று பலரால் வாழ்க்கையைத் தொடர முடிகிறது.

அதனால், ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் மரத்துப்போதல், ஒரு கண்ணில் மட்டும் வலியோடு பார்வை மங்குவது, காரணமில்லாத தடுமாற்றம் இதெல்லாம் வந்தால், தூக்கம் சரியில்லை என்று நீங்களே முடிவு பண்ணிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போறதெல்லாம் எம்.எஸ் இல்லை. வைட்டமின் பி12 குறைபாடாகவும் இருக்கலாம், நரம்பு அழுந்துவதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், கூகுள் இல்லை.

உங்க ஃபிரெண்டோ, தங்கச்சியோ, ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருக்கிறவங்களோ, என் உடம்புக்கு என்னமோ ஆகுதுன்னு சொன்னா, முதல்ல நம்புங்க. பார்க்க நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லாதீங்க. நியூயார்க் மேடையில உட்கார்ந்திருந்த ஜாக்குலினும் பார்க்க நல்லாத்தான் இருந்தார்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டு, 1965-ல ரெக்கார்டான அந்த எல்கார் கான்செர்ட்டோவைக் கேளுங்க. அது முடிஞ்சதும் ‘பீட்டரும் ஓநாயும்’ ரெக்கார்டைத் தேடிப் போடுங்க. முதல்ல நீங்க கேட்கிறது அவர் விரல். அடுத்து கேட்கிறது அவர் குரல். ரெண்டுமே ஜாக்குலின்தான்.